செடியில் பூச்சி: பாதியில் நிறுத்துவதுதான் பெரிய தவறு

வீட்டுக்குள் புதிதாகச் செடி வளர்க்கிறவர்கள் அனுப்பும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், தொடக்கத்தில் நான் விழுந்த அதே பள்ளங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள் என்று தெரிகிறது. தண்ணீர் அளவு, வெளிச்சம் போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவற்றை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். பூச்சி வந்த பிறகு நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எந்தப் பூச்சி என்று பார்க்காமல் மருந்தடிப்பது

இலை வெளுத்துப் புள்ளி புள்ளியாகத் தெரிந்ததும் கைக்குக் கிடைத்த பூச்சிக்கொல்லியை ஊற்றுகிறார்கள். அது சிலந்திப்பேனாக இருந்தால் பெரும்பாலும் வீண். சிலந்திப்பேன் பூச்சி இனமே இல்லை. எட்டுக் காலுள்ள, சிலந்திக்கு உறவான உயிர். வேர் வழியாக ஏறும் இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிமருந்து அதைக் கொல்லாது. அந்த மருந்து போட்ட பிறகு சிலந்திப்பேன் இன்னும் பெருகிய செடிகளும் உண்டு.

ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசு மெல்ல நகர்ந்தால் பெரும்பாலும் சிலந்திப்பேன்தான். இலையில் பிசுபிசுப்பு இருந்தால் அசுவினி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி இவற்றில் ஒன்றைத் தேடுங்கள். வெள்ளி பூசினாற்போல் திட்டும் அதன்மேல் கரும்புள்ளிகளும் இருந்தால் இலைப்பேன்.

இலையின் மேல்பக்கம் மட்டும் தெளிப்பது

பூச்சிகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கின்றன. இலையைத் திருப்பிப் பிடித்துத் தெளியுங்கள்.

கண்ணில் படவில்லை என்றதும் நிறுத்திவிடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. பாதி வேலையைச் சரியாகச் செய்தவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

என் தோழி ஒருத்தியிடம் அலமாரி நிறைய ஹோயாக் கொடிகள் இருந்தன. ஒன்றில் மாவுப்பூச்சி வந்தது. அக்கறையாகத்தான் செய்தாள். அந்தத் தொட்டியைத் தனியே எடுத்து வைத்தாள். 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொரு பூச்சியாகத் தொட்டாள். தொட்டதும் வெள்ளை மாவு கரைந்து உள்ளே இருக்கும் பழுப்பு உடல் தெரியும். அடுத்த வாரம் வேப்பெண்ணெய்க் கரைசலும் தெளித்தாள். செடி பளிச்சென்று ஆகிவிட்டது. "ஒண்ணுகூட இல்லடி, சுத்தமா போயிடுச்சு" என்று சொல்லி, தொட்டியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டாள்.

கொடியும் கொடியும் பின்னிக் கிடக்கும் அலமாரி அது. பிறகு ஒருநாள் நான் போனபோது, இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் கடுகளவு பஞ்சு ஒட்டியிருந்தது. பக்கத்துத் தொட்டியிலும் அப்படியே. கீழ்த்தட்டிலும் அப்படியே. பல வருடம் வளர்ந்து அப்போதுதான் பூக்கத் தொடங்கியிருந்த கொடியைக்கூட வெட்டி எறிய வேண்டியதாயிற்று.

சோப்புக் கரைசலும் ஆல்கஹாலும் பூச்சியின் மேல் நேரே பட்டால்தான் கொல்லும். காய்ந்துவிட்டால் அவற்றுக்கு வேலை இல்லை. மாவுப்பூச்சிகளில் பல வகை, மெழுகுப் பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். தெளிக்கும் மருந்து அந்தப் பைக்குள் எளிதில் இறங்காது. ஒன்று, இரண்டு வாரத்தில் முட்டை பொரிந்து, கண்ணுக்கு எட்டாத சின்னக் குஞ்சுகள் ஊர்ந்து புது இடுக்கு தேடும். சிலந்திப்பேன் இன்னும் வேகம்: 27 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் இருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் முட்டை வளர்ந்து அதுவே முட்டையிடத் தொடங்கிவிடும். இலைப்பேன் முட்டையை இலைத் திசுவுக்குள்ளேயே செருகி வைக்கிறது. நீங்கள் கொன்றது அன்றைக்கு வெளியே இருந்ததை மட்டும்தான்.

அதனால் நாள் குறித்து வைத்துத் தெளியுங்கள். சிலந்திப்பேனுக்கு 4, 5 நாளுக்கு ஒருமுறை. மாவுப்பூச்சிக்கு வாரம் ஒருமுறை. பூச்சி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் குறைந்தது 4 வாரம் விடாமல் செய்யுங்கள். கடைசிப் பூச்சியைப் பார்த்த நாளிலிருந்து இன்னும் ஒரு மாதமாவது செடி தனியாகவே இருக்கட்டும். தொட்டி விளிம்பின் அடிப்பக்கம், அடித்தட்டு, கொடியைக் கட்டிய கயிறு எல்லாவற்றையும் பாருங்கள். எவ்வளவு தெளித்தும் திரும்பத் திரும்ப வந்தால் செடியை உருவி வேரையும் பாருங்கள். வேரிலேயே வாழும் மாவுப்பூச்சியும் உண்டு.

பாத்திரம் கழுவும் திரவத்தைத் தாராளமாக ஊற்றுவது

இலையின் மெழுகுப் பூச்சை அது கரைத்துவிடும். செடிக்கென்று விற்கும் பூச்சிக்கொல்லிச் சோப்பையே வாங்குங்கள். வேப்பெண்ணெய் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. போதும், கலக்க அந்தச் சோப்பு சில சொட்டு. எண்ணெய் பிரிந்து மிதந்தால் தெளிக்காதீர்கள், மிதப்பது அப்படியே இலையில் படிந்து கருக்கிவிடும். முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து, ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். வெயில் படும் நேரத்தில் தெளிக்கவே கூடாது.

மஞ்சள் ஒட்டும் அட்டையை மட்டும் நம்புவது

மண்ணிலிருந்து கிளம்பும் சின்னக் கருங்கொசுக்களில் பறப்பவைதான் அட்டையில் ஒட்டும். புழு மேல்மண்ணில் வளர்ந்துகொண்டே இருக்கும். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். காயவிட முடியாத செடி என்றால் புழுவைக் கொல்லும் பிடிஐ பாக்டீரியாவைத் தண்ணீரில் கலந்து ஊற்றலாம்.

புதுச் செடியை நேரே மற்றவற்றோடு வைப்பது

வேண்டாம். மூன்று வாரமாவது தனியே வையுங்கள்.

எப்படியும் காப்பாற்றியே தீருவேன் என்பது

தண்டெல்லாம் செதில் பூச்சி ஏறி, புது இலை சுருண்டே வரும் செடியை மாதக்கணக்கில் வைத்திருப்பது மற்ற செடிகளுக்கு ஆபத்து. பூச்சி இல்லாத நுனி ஒன்று இருந்தால் வெட்டி, நன்றாகக் கழுவி, தனி அறையில் தண்ணீரில் வேர்விட வையுங்கள். மீதியை இருக்கும் இடத்திலேயே பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, அப்புறம் வெளியே எடுத்துப் போங்கள். திறந்தபடி மற்ற செடிகளை உரசிக்கொண்டு போனால் குஞ்சுகள் வழியெல்லாம் உதிரும். அந்த மண்ணை வேறு தொட்டிக்கு எடுக்காதீர்கள். தொட்டியைச் சுடுநீரும் சோப்பும் போட்டு, விளிம்பின் உள்மடிப்பு வரை தேய்த்துக் கழுவினால் மறுபடி பயன்படுத்தலாம்.