கிளிமஞ்சாரோ ஏறப் போகிறீர்களா? முதல்முறை போகிறவர்களுக்கு

தான்சானியாவில் இருக்கும் கிளிமஞ்சாரோதான் ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த மலை. உகுரு என்னும் அதன் உச்சி 5,895 மீட்டர். வழக்கமான பாதைகளில் கயிறு கட்டி ஏறும் வேலை கிடையாது, கடைசிவரை நடைதான். அதை நம்பி அவசரப்படுகிறவர்கள்தான் பாதியில் திரும்புகிறார்கள். உச்சியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. இந்தக் குறைவுக்கு உடம்பு பழக நாள் பிடிக்கும். கீழே சொல்லும் எல்லாமே அந்த நாட்களைச் சம்பாதிக்கத்தான்.

1. முதலில் நாட்களை முடிவு செய்யுங்கள்

மரங்கு பாதையில் ஐந்தே நாளில் போய்வரலாம். படுக்கக் குடில்கள் உண்டு, செலவும் குறைவு. முதல்முறை போகிறவருக்கு அந்த ஐந்து நாள் திட்டத்தை நான் சொல்லவே மாட்டேன். மச்சாமே பாதையில் ஏழு நாள், அல்லது லெமோஷோ பாதையில் எட்டு நாள் எடுங்கள். கூடுதல் நாளுக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது.

மச்சாமே ஏன் நல்லது? மூன்றாம் நாள் லாவா டவர் என்ற பாறைவரை, ஏறக்குறைய 4,600 மீட்டர், ஏற்றிவிட்டு, இரவு தூங்க 4,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே உள்ள பராங்கோ முகாமுக்கு இறக்கிவிடுவார்கள். உயரத்தைத் தொட்டுவிட்டுத் தாழ்வில் தூங்கினால் உடம்பு சீக்கிரம் பழகும்.

2. மாதம்

ஜனவரி முதல் மார்ச் தொடக்கம்வரை, அல்லது ஜூன் கடைசி முதல் அக்டோபர்வரை. ஏப்ரல், மே, நவம்பர் மழைக்காலம், தவிர்த்துவிடுங்கள்.

3. நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை

உரிமம் பெற்ற கைடு இல்லாமல் மலையில் ஏற முடியாது. டென்ட், சாப்பாடு, நம் பெரிய பை எல்லாவற்றையும் போர்ட்டர்கள் சுமப்பார்கள். ஒருவர் தூக்கலாம் என்று அனுமதித்திருப்பது 20 கிலோ. மிக மலிவான விலை சொல்கிறார்கள் என்றால், அந்தக் குறைவு பெரும்பாலும் இவர்கள் கூலியிலும் சாப்பாட்டிலும்தான் கைவைத்திருக்கும். போர்ட்டர்களுக்கு நாளுக்கு எத்தனை வேளை சாப்பாடு, என்ன கூலி என்று நேராகவே கேளுங்கள். கிளிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு, அவர்களை ஒழுங்காக நடத்தும் நிறுவனங்களின் பட்டியலை வைத்திருக்கிறது. அதிலிருந்து தேர்ந்தெடுத்தால் மனசு உறுத்தாது.

சைவம் என்றால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.

4. பயிற்சி

மூன்று மாதம் போதும். வாரம் நான்கு நாள் வேக நடை, மாடிப்படி. கடைசி மாதத்தில் முதுகில் ஆறேழு கிலோ பையோடு. ஷூவை அங்கே போய்ப் புதிதாகப் போடாதீர்கள், இங்கேயே பழக்குங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: வெள்ளியங்கிரி ஏழு மலையையும் அநாயாசமாக ஏறியவருக்கும் 4,000 மீட்டரில் தலை பிளக்கலாம். உடல் வலு வேறு, உயரத்துக்குப் பழகுவது வேறு.

5. பை

கதகதப்பான ஜாக்கெட், மழை உடை, கையுறை இரண்டு ஜோடி, தலையில் மாட்டும் ஹெட்லைட், ஊன்றுகோல் இரண்டு, குளிர் தாங்கும் ஸ்லீப்பிங் பேக். பிளாஸ்டிக் கேரி பேக் வேண்டாம். 2019 முதல் தான்சானியாவில் தடை. உயரத்துக்கான டயமாக்ஸ் மாத்திரையை டாக்டரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

6. மலையில்

கைடு நாள் முழுக்க "போலே போலே" என்பார். சுவாஹிலியில் மெள்ள மெள்ள என்று அர்த்தம். பேசிக்கொண்டே நடந்தாலும் மூச்சு வாங்காத வேகம்தான் சரியான வேகம். தினம் மூன்று லிட்டராவது தண்ணீர் குடியுங்கள், பசிக்காவிட்டாலும் சாப்பிடுங்கள்.

தலைவலியைக் கைடிடம் மறைக்காதீர்கள். லேசான வலி பலருக்கும் வரும். ஆனால் நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினாலோ உடனே இறங்க வேண்டும், நடு இரவானாலும். அதற்கு வேறு வைத்தியம் பார்த்துக்கொண்டு அங்கேயே காத்திருக்கக் கூடாது.

7. உச்சி இரவு

உச்சிக்கு முந்தைய கடைசி முகாமான பராஃபுவிலிருந்து நள்ளிரவில் கிளம்புவார்கள். மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே போகும். பையிலிருந்து உறிஞ்சிக் குடிக்கும் தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும் என்பதால் பாட்டிலில் தண்ணீர் எடுத்து, அதைத் தலைகீழாக வையுங்கள்; வாய்ப்பக்கம் கடைசியாக உறையும். போன் பேட்டரியை உடம்போடு ஒட்டி வையுங்கள். சரளைச் சரிவில் ஐந்தாறு மணி நேரம் முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்தே நடப்பீர்கள். விடியும் நேரத்தில் எரிமலை வாயின் விளிம்பான ஸ்டெல்லா பாயின்ட். அங்கே நின்றுவிடத் தோன்றும். உகுருவுக்கு இன்னும் முக்கால் மணி நேர நடைதான், சரிவும் குறைவு.

பிறகு அன்றைக்கே 2,000 மீட்டருக்கும் மேல் இறங்க வேண்டும். முழங்கால் தாங்க ஊன்றுகோல் இரண்டும் அப்போதுதான் கைகொடுக்கும். மறுநாள் கீழே இறங்கியதும், டிப்ஸை ஒருவர் கையில் மொத்தமாகக் கொடுக்காமல் ஒவ்வொரு போர்ட்டர் கையிலும் கொடுத்துவிட்டு வண்டி ஏறுங்கள்.