இருவர் ஓவியக் காட்சி: சுவரைப் பாகம் பிரிக்காதீர்கள்

"ஆளுக்கு ரெண்டு சுவர்னு பிரிச்சுட்டோம் சார், சண்டையே இல்லை" என்றார் அந்தத் தம்பி. சென்னையில் போன மாதம் முதல்முறையாக இருவர் காட்சி வைத்த இளைஞர்களில் ஒருவர். இருவருமே அரூப ஓவியர்கள், அதாவது உருவம் எதுவும் இல்லாமல் நிறத்தாலும் வடிவத்தாலும் மட்டும் ஓவியம் போடுகிறவர்கள். கூடத்தின் நடுவே தரையில் மாஸ்கிங் டேப்பால் ஒரு கோடுகூட ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினைந்து வருடங்களுக்கு முன்பு நானும் என் நண்பனும் அதே கோட்டைச் சாக்பீஸால் போட்டோம்.

அழைப்பிதழில் எழுத்துப்பிழை, ஆணி வாங்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடும். இங்கே எழுதுவது, பட்ட பிறகும் பலருக்குப் புரியாமலே போகிற தவறுகளை.

ஆளுக்குப் பாதி

அப்போது நான் போட்டதெல்லாம் சிவப்பு. ஐந்தடி கேன்வாஸ், கத்தியால் இழுத்த தடிமனான ஆக்ரிலிக் வண்ணம். நண்பனுடையது நேர் எதிர். ஒன்றரை அடி, இரண்டு அடி. தண்ணீராகக் கரைத்த சாம்பல் நிறத்தைப் பத்துப் பன்னிரண்டு பூச்சு ஏற்றுவான். ஓரடி தூரத்தில் நின்றால்தான் அடியில் ஓடும் நீலம் தெரியும், ஈர விபூதியில் தெரிகிற மாதிரி ஒரு நீலம்.

பாகம் பிரித்ததில் என் கடைசிச் சிவப்பும் அவனுடைய முதல் சாம்பலும் ஒரே மூலையில் சந்தித்தன. எதிர்ச்சுவர் முழுக்க என் சிவப்பு. வாசலில் நுழைந்தவர்கள் முதலில் என் பக்கம் போனார்கள், பத்து நிமிடம் பார்த்தார்கள், பிறகு அவன் பக்கம் திரும்பினார்கள். திரும்பிய கண்ணுக்கு அவன் சாம்பல் பச்சையாகத் தெரிந்தது. பாசி பிடித்த சுண்ணாம்புச் சுவர் மாதிரி. இரண்டாம் நாள் மாலை அவனே என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "நான் பச்சையே தொடலையேடா" என்றான்.

தொடவில்லைதான். பச்சையை உண்டாக்கியது என் சிவப்பு. பெரிய சிவப்புப் பரப்பைப் பார்த்துவிட்டுச் சாம்பலைப் பார்த்தால் கண் அதில் பச்சையைச் சேர்த்துக்கொள்ளும். 1824-இல் பாரிஸில் கோப்லன் நெசவாலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற வேதியியலாளர் மிஷேல் செவ்ரலிடம், சித்திரத் திரை நெய்யும் கறுப்பு நூல் சோகையாக இருக்கிறது என்று புகார் வந்தது. அவர் சாயத்தைச் சோதித்தார், குறை இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைக் கெடுத்தன. அதைத் துருவிப்போய் 1839-இல் நிறங்களின் பரஸ்பர விளைவு பற்றிப் பெரிய நூலே எழுதிவிட்டார். நம் நெசவாளர்களுக்கு இது கைப்பழக்கம். மாம்பழ மஞ்சள் உடலுக்கு அரக்குக் கரை போடுகிறவர், உடலையும் கரையையும் தனித்தனியாக யோசிப்பதில்லை.

நண்பனின் ஸ்டூடியோவில் ஒரு சாம்பல் ஓவியத்தைப் பார்த்து வாங்குவதாகச் சொல்லியிருந்த அம்மா ஒருவர் மூன்றாம் நாள் வந்தார். வெகுநேரம் அதன் முன்னால் நின்றார். "அங்க பார்த்தப்ப வேற மாதிரி இருந்துச்சே தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்னுடையதில் இரண்டு விற்றன. அவனுடையது ஒன்றுகூட இல்லை. கூடத்து வாடகையில் பாதி, சட்டம் போட்ட செலவு, வண்டிக்கூலி எல்லாம் அவன் தலையில். அதற்குப் பிறகு நான்கு வருடம் அவன் யாரோடும் காட்சி வைக்கவில்லை. இன்றைக்கும் யாராவது "பாதிப் பாதி, நியாயமா பிரிச்சுட்டோம்" என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சுவரின் அளவு மட்டும்தான் அதில் சமம். பக்கத்து ஓவியம் என்ன செய்யும் என்று யாரும் கேட்பதில்லை.

சரி, என்ன செய்யலாம்? கூடத்தை முதலில் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பத்தில் ஒரு பங்கு அளவில் அட்டையில் சுவர்களை வெட்டி நிறுத்துங்கள். இருவருடைய ஓவியங்களையும் அதே அளவில் அச்செடுத்து, ஒட்டி ஒட்டி எடுங்கள். இரண்டு மாலை போதும். அப்போதே தெரிந்துவிடும், எது எதை விழுங்குகிறது என்று. உரத்த ஓவியத்துக்குக் கடைசிச் சுவரைக் கொடுங்கள், அதுவும் தனியாக. மெல்லியதை வாசலுக்குப் பக்கத்தில் வையுங்கள். கண் களைக்காமல் வருகிற இடம் அதுதான். இரண்டுக்கும் நடுவே நாலைந்து அடி வெறும் சுவர் விடுங்கள்.

அப்புறம், எண்ணிக்கை. ஆளுக்குப் பதினைந்து கொண்டுவந்தால் ஆளுக்கு ஒன்பது மாட்டுங்கள். எதை எடுப்பது என்பதை உங்கள் நண்பர் சொல்லட்டும், அவருடையதை நீங்கள் சொல்லுங்கள். மனசு வலிக்கும். ஆனால் நம் ஓவியத்தில் எது பலவீனம் என்று நமக்கு முன்பே பக்கத்தில் வேலை செய்கிறவருக்குத் தெரியும். வெவ்வேறு கைகள் ஒரே கூரையின் கீழ் எப்படி நிற்கின்றன என்று பார்க்க, ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-இல் தொடங்கிய, சென்னைக்குப் பக்கத்திலுள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். ஓவியத்தை மட்டும் பார்க்காமல், ஓவியங்களுக்கு நடுவே உள்ள இடத்தையும் பாருங்கள்.

உயரம்

ஓவியத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்துக்குள். இருவருக்கும் ஒரே கணக்கு.

விளக்கைக் கடைசியில் யோசிப்பது

பல கூடங்களில் மஞ்சள் ஸ்பாட் விளக்குதான். ஸ்டூடியோவில் வெள்ளை டியூப் லைட்டில் போட்ட நீலம் அதன் கீழே மங்கிவிடும், சிவப்போ இன்னும் ஏறிக்கொள்ளும். முன்பதிவு செய்யும் நாளிலேயே ஆளுக்கு ஒரு சின்ன ஓவியத்தைக் கையில் எடுத்துப்போய் அந்த விளக்கின் கீழ் பிடித்துப் பாருங்கள்.

"தலைப்பில்லாதது"

இருவருமே "தலைப்பில்லாதது 1, 2, 3" என்று வைத்தால் விலைப்பட்டியலில் யாருடையது எது என்று உங்களுக்கே குழம்பும்.

விளக்கக் குறிப்பு

பிரபஞ்சம், ஆழ்மனம், பஞ்சபூதம் என்று அரைப்பக்கம் எழுதி இருவருக்கும் பொதுவாக ஒட்டுகிறார்கள். அரூப ஓவியத்தின் முன்னால் தயங்கி நிற்பவரை அது இன்னும் தள்ளி நிறுத்தும். எத்தனை பூச்சு, எந்தக் கத்தி, எது காய எத்தனை நாள், ஏன் இந்த இருவரும் சேர்ந்தார்கள் என்று நாலு வரி எழுதுங்கள். என் நண்பனின் சாம்பலுக்குப் பக்கத்தில் "பன்னிரண்டு பூச்சு" என்று ஒரு சொல் இருந்திருந்தால், மக்கள் ஓரடி கிட்டே போயிருப்பார்கள்.

விலை

மாட்டுவதற்கு முன்பே இருவரும் உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள்.

திரும்ப எடுத்துப்போகும்போது

கடைசி நாள் எல்லோருக்கும் அவசரம். பபிள் ராப்பின் குமிழ்ப் பக்கத்தை ஓவியத்தின் மேல் படும்படி சுற்றி, மே மாத வெயிலில் வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். ஆக்ரிலிக் காய்ந்தாலும் சூட்டில் இளகும். நாலு மூலைக்கும் அட்டை கொடுத்து, வண்ணத்தின் மேல் எதுவும் படாதபடி கட்டுங்கள். அந்தக் காட்சியிலிருந்து விற்காமல் திரும்பிய என் சிவப்பு ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது, வலது ஓரத்தில் வரிசை வரிசையாகச் சின்ன வட்டங்கள் தெரியும்.