பழைய ஹூவர் கையில் கிடைத்தால் உடனே சுவிட்சைப் போடாதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் உள்ள பழைய இரும்புக் கடைக்கு நான் போனது தண்ணி பம்புக்கு ஒரு மோட்டார் தேடித்தான். ஏதோ ஒரு தோட்டத்து பங்களாவை உடைத்து லோரியில் கொண்டுவந்து கொட்டிய சாமான்களுக்கு நடுவில், துணிப் பை தொங்க, தலையைத் தரையில் வைத்துப் படுத்திருந்தது ஒரு ஹூவர் ஜூனியர், கம்பளத்துத் தூசியை உறிஞ்சும் பழைய வேக்கம் மிஷின். கடை முதலாளி தவுக்கே அதைக் கிலோ கணக்கில் நிறுக்கப் போனார், 40 வெள்ளி கொடுத்து நான் வாங்கிக்கொண்டேன். வீட்டில் பாட்டி, அந்தக் காலத்தில் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர், ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது வேக்கம் இல்லடா, ஊவரு. சிலிப்பர் ஜப்பான் போடாம தொடாத, கைய புடிச்சி இழுக்கும்" என்றார். சிலிப்பர் ஜப்பான் என்றால் ரப்பர் செருப்பு.

இப்போது என்னிடம் ஏழு இருக்கின்றன. புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. எங்கே தேடுவது

தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் கிடைக்காது. நம் வீடுகளில் சிமெண்டுத் தரை, விளக்குமாறு போதும். கம்பளம் விரித்த வீடுகளில்தான் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளும் இந்த நின்ற வகை மிஷினுக்கு வேலை இருந்தது, அதாவது துரை பங்களா, கிளப், பழைய விருந்தினர் விடுதி. அதனால் பங்களா சாமான் வந்து சேரும் இரும்புக் கடைதான் முதல் இடம். அப்புறம் ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் மெமரி லேன் பழம்பொருள் சந்தை, பெட்டாலிங் ஜெயாவில் அம்கோர்ப் மாலில் வார இறுதியில் நடக்கும் சந்தை. அங்கெல்லாம் விலை கூடும், பேரம் பேசத் தெரிய வேண்டும்.

2. வயதைப் படிப்பது

எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இதுதான். இந்த மிஷின்களின் வரலாறு தெரிந்தால், குவியலில் கிடப்பதைப் பார்த்தே எந்தக் காலத்துச் சரக்கு என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் கேண்டன் ஊரில் ஜேம்ஸ் மரே ஸ்பேங்ளர் என்று ஒருவர், கடையில் துப்புரவு வேலை. அவருக்கு ஆஸ்துமா, கம்பளம் பெருக்கினால் மூச்சு வாங்கும். ஃபேன் மோட்டாரையும் துடைப்பக் கட்டையையும் தலையணை உறையையும் சேர்த்து ஒரு மிஷின் கட்டினார், 1908-இல் காப்புரிமையும் கிடைத்தது. தோல் சாமான் வியாபாரம் செய்த வில்லியம் ஹூவர் அந்த உரிமையை வாங்கினார். முன்னால் உருளும் பிரஷ், அதற்குப் பின்னால் காற்றாடி, கைப்பிடியில் பை என்ற அமைப்பு அப்போது வந்ததுதான், என் ஜூனியரிலும் அதேதான் இருக்கிறது.

1926-இல் ஹூவர் அந்த உருளையில் உலோகச் சட்டங்களைச் சேர்த்தது. உருளை சுற்றும்போது அவை கம்பளத்தைத் தட்டித் தட்டி அடியில் கிடக்கும் மண்ணை மேலே கொண்டுவரும். மிஷினைக் கவிழ்த்துப் பாருங்கள், வெறும் பிரஷ் மட்டுமா, சட்டமும் உண்டா என்று தெரிந்துவிடும்.

1936-இல் வந்த மாடல் 150 தான் என் கனவு, இன்னும் கிடைக்கவில்லை. அதுவரை மோட்டார் துருத்திக்கொண்டு வெளியே தெரியும், பார்க்க ஏதோ பட்டறைச் சாமான் மாதிரி இருக்கும். ஹென்றி டிரேஃபஸ் என்ற வடிவமைப்பாளர் அதற்கு வழவழப்பான பேக்கலைட் (அந்தக் காலத்துக் கெட்டிப் பிசின்) மூடி போட்டு எல்லாவற்றையும் உள்ளே மறைத்தார், எடையைக் குறைக்க மெக்னீசியக் கலவையும் சேர்ந்தது. அமெரிக்க வீடுகளில் இருந்த கறுப்பு மேசைத் தொலைபேசிக்கு உருவம் கொடுத்தவரும் இவர்தான். அதற்கு அப்புறம் நின்ற வகை எல்லாமே மூடி போட்டுக்கொள்ளத் தொடங்கிவிட்டன.

நம் பக்கம் அமெரிக்க மாடலை விட பிரிட்டிஷ் மாடல்தான் கண்ணில் படுகிறது. மிஷினில் பதித்த விவரத் தகட்டில் பெரிவேல் என்று எழுதியிருந்தால், அது லண்டனுக்கு மேற்கே 1933-இல் திறந்த வெள்ளைத் தொழிற்சாலையின் பெயர். அங்கே 1982-இல் உற்பத்தி நின்றது, கட்டடம் இன்னும் இருக்கிறது, படம் தேடிப் பாருங்கள், சினிமாக் கொட்டகை மாதிரி அவ்வளவு அழகு.

கேர்பி கம்பெனி மிஷின் என்றால் உடம்பு முழுக்கப் பளபளக்கும் அலுமினியம், தூக்கினால் இடுப்பு போய்விடும். 1993-இல் வந்த டைசன் டிசி01-ஐக்கூட இப்போது சேகரிக்கிறார்கள். பை இல்லாமல், தூசி சுற்றுவது வெளியே தெரியும் கூடு வைத்தது அது. 5,127 மாதிரிகள் செய்துபார்த்த பிறகுதான் அதைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் டைசனுக்கு அந்தச் சுழல் காற்று முறை சரியாக வந்தது. எனக்கென்னவோ பிளாஸ்டிக் மேல் அவ்வளவு ஆசை வரவில்லை.

பேக்கலைட்டா பிளாஸ்டிக்கா என்று சந்தேகம் வந்தால் கட்டைவிரலால் சூடேறும் வரை அழுத்தித் தேய்த்து மோந்து பாருங்கள். பேக்கலைட் என்றால் ஆஸ்பத்திரி மருந்து மாதிரி ஒரு நெடி அடிக்கும்.

3. கரண்டுக்கு முன்னால் தகடு

நான் வாங்கிய இரண்டாவது மிஷின் அமெரிக்கச் சரக்கு. விற்றவர் யாரோ நம்ம ஊர் மூன்று கால் பிளக்கை மாட்டி வைத்திருந்தார், நானும் நம்பி சுவிட்சைப் போட்டேன். தகட்டில் 120 வோல்ட் என்று இருந்ததை மோட்டாரில் நீல நெருப்பு வந்த பிறகுதான் படித்தேன். நம் வீட்டுக் கரண்டு 230. மூன்று செகண்டு, கருகிய வாசனை மட்டும் நாலு நாள் இருந்தது. பிளக் எந்த ஊர்க்காரனும் மாட்டலாம், தகடு பொய் சொல்லாது.

அடுத்து வயர். பழைய பிரிட்டிஷ் வயரில் சிவப்புதான் கரண்டு, கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். 1970 வாக்கில்தான் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சளுக்கு மாறினார்கள். ரப்பர் உறை விரலால் வளைத்தாலே உதிர்ந்தால் முழு வயரையும் மாற்ற வேண்டும், டேப் சுற்றி ஒப்பேற்றாதீர்கள். வெளியே உலோகம் தெரிந்து வயரில் இரண்டே கம்பி இருந்தால் அதற்கு எர்த் இல்லை என்று அர்த்தம். உள்ளே ஈரம் இறங்கி, கரண்டு மிஷினின் உலோக உடம்புக்கு வந்தால் பாட்டி சொன்னதுதான் நடக்கும். இதை நீங்களே சோதிக்கப் பார்க்க வேண்டாம், ஒரு வயர்மேனிடம் கொடுத்து கரண்டு கசிகிறதா என்று காட்டும் 500 வோல்ட் மெகர் கருவி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிஷ வேலை.

பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் கழற்றிவிடுங்கள். தகட்டு வாட்டை 230-ஆல் வகுங்கள்: 300 வாட் என்றால் சுமார் 1.3 ஆம்பியர்தான், 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும்.

4. வயிற்றைத் திறப்பது

பிளக் வெளியே கிடக்கட்டும். அடித் தகட்டைக் கழற்றினால் உருளை, பெல்ட், அதற்குப் பின்னால் காற்றாடி. இந்த வகையில் தூசி, முடி, கல் எல்லாமே காற்றாடி வழியாகத்தான் பைக்குப் போகும், அதனால் முதலில் அடிபடுவது அதன் இறக்கைதான். விரலால் மெதுவாகச் சுற்றி ஒவ்வொரு இறக்கையாகத் தடவிப் பாருங்கள். என் ஜூனியரில் ஒரு இறக்கை ஓரம் நகம் கடித்த மாதிரி இருந்தது. பையைத் தாளில் உதறினேன், சாம்பல் நிறப் பஞ்சுக்கு நடுவில் சதுர ஒரு காசு விழுந்தது, ராணி தலை போட்டது, ஒரு மூலை மழுங்கியிருந்தது. நெளிந்த இறக்கையோடு ஓட்டினால் அதிர்ந்து அதிர்ந்து பேரிங் போய்விடும், வேறு காற்றாடி கிடைக்கும் வரை ஓட்டக்கூடாது.

மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கரித்துண்டுகளான கார்பன் பிரஷ் இரண்டையும் வெளியே எடுங்கள். குட்டையாகப் போயிருந்தால் பவர் டூல் பழுது பார்க்கும் கடையில் கிட்டத்தட்ட அதே அளவு கிடைக்கும், உப்புத்தாளில் தேய்த்துப் பொருத்தலாம். எந்தப் பக்கத்துப் பிரஷ் எங்கே இருந்தது, பெல்ட் எப்படி முறுக்கி மாட்டியிருந்தது என்று கழற்றும் முன்பே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டை மாற்றி முறுக்கினால் உருளை எதிர்ப்பக்கம் சுற்றும்.

5. துடைப்பதும் வைப்பதும்

பேக்கலைட்டை ஈரத் துணியால் துடைத்து, கொஞ்சம் கார் மெழுகு போட்டால் போதும். வெயிலில் காய வைத்தால் வெளுத்துவிடும். துணிப் பையை நான் துவைப்பதில்லை, அச்சடித்த எழுத்து போய்விடும், அந்த எழுத்துதான் பாதி அழகு. உள்பக்கத்தை வெளியே திருப்பி நன்றாக உதறினால் சரி.

நம் ஊர் மழைக்குப் பூஞ்சணம்தான் பெரிய எதிரி. பெல்ட்டைக் கழற்றித் தனியாக வையுங்கள், இழுபட்டபடியே கிடந்தால் விட்டுப்போகும். பையைப் பிளாஸ்டிக்கில் கட்டாதீர்கள், காற்றுப் படும்படி தொங்கட்டும். மிஷினைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் ஒரு பலகை மேல் நிறுத்துங்கள். எந்தக் கடையில், எந்தத் தோட்டத்துச் சாமானோடு வந்தது என்று ஒரு அட்டையில் எழுதிக் கைப்பிடியில் கட்டிவிடுங்கள். ஜூனியரின் அட்டையோடு அந்தச் சதுரக் காசும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் தொங்குகிறது.