இறால் பங்கின் பீட்டா: தாளில் போட்டுப் பார்ப்பதும் ஏமாறாமல் படிப்பதும்

தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை இறாலை நம்பிப் பிழைக்கிறவர்கள் பங்குச் சந்தைக்குள் வந்தால், பெரும்பாலும் முதலில் கை போவது இறால் ஏற்றுமதி, இறால் தீவன கம்பெனிகளின் பங்கு மீதுதான். தெரிந்த தொழில் என்ற தைரியம். பங்கு வாங்கும் செயலியில் பீட்டா, அதாவது சந்தை ஒரு சதவீதம் அசைந்தால் பங்கு சராசரியாக எத்தனை சதவீதம் அசையும் என்ற எண், 0.69 என்று போட்டிருக்கும். ஒன்றுக்குக் கீழே இருக்கிறது, பயமில்லை என்று வாங்கிவிடுவார்கள். அந்த எண்ணை நாமே ஒரு தடவை போட்டுப் பார்த்தால்தான் அது எதைச் சொல்கிறது, எதை விழுங்கிவிடுகிறது என்பது பிடிபடும். கூகுள் ஷீட்ஸோ எக்செலோ போதும், ஒரு மணி நேர வேலை. கீழே வருபவை ஒரு கற்பனைப் பங்குக்கு விளக்கத்துக்காகப் போட்ட எண்கள்.

முதலில் விலை. வாரக் கடைசி விலையாக 105 எடுங்கள். 104 வார மாற்றம் கிடைக்கும். தினசரி விலை வேண்டாம். சின்னப் பங்குகளில் சில நாள் பேரமே மெலிந்து கிடக்கும். மதியம் நிஃப்டி (ஐம்பது பெரிய கம்பெனிப் பங்குகளின் குறியீடு) சரிந்திருக்கும், இந்தப் பங்கின் கடைசிப் பேரமோ அதற்கு முன்பே முடிந்திருக்கும். அடி மறுநாள்தான் விலையில் தெரியும். தினக்கணக்கில் பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமில்லாதது போலாகி, பீட்டா இருக்க வேண்டியதைவிடக் குறைவாக வரும். 5 சதவீத சர்க்யூட்டில் (ஒரு நாளில் அதற்கு மேல் ஏறவோ இறங்கவோ விடாத வரம்பு) உள்ள பங்கும் அப்படித்தான்: ஒரே நாளில் விழ வேண்டியதை மூன்று நாளாக விழும். வெள்ளிக்கிழமை விடுமுறை என்றால் வியாழன் விலையை எடுக்கலாம், ஆனால் பங்குக்கும் நிஃப்டிக்கும் அதே நாள்தான்.

போனஸ், ஸ்ப்ளிட்டுக்குச் சரிசெய்த விலைதானா என்றும் பாருங்கள். 1:1 போனஸ் வந்த வாரத்தில் 600 ரூபாய்ப் பங்கு 300-ல் நிற்கும். சரிசெய்யாத விலை என்றால் தாள் அதைப் பாதிக்குப் பாதி நட்டம் என்றே எடுத்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் 25 சதவீதத்துக்கு மேல் ஏறியோ இறங்கியோ இருந்தால், காரணம் தெரியாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

இப்போது இந்த வார விலையைப் போன வார விலையால் வகுத்து, ஒன்றைக் கழித்து, பங்குக்கு ஒரு வரிசை, நிஃப்டி 50-க்கு ஒரு வரிசை. எல்லாக் கணக்கும் இந்த மாற்றங்களில்தான். விலையை அப்படியே வைத்து பீட்டா போட்டால் வருவது வெறும் எண். நம் மாதிரியில் பங்கின் வாரத் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து எவ்வளவு ஆடுகிறது என்ற அளவு) 5.2 சதவீதம், நிஃப்டியுடையது 1.8, இரண்டுக்கும் உள்ள ஒட்டுறவு (எவ்வளவு சேர்ந்து அசைகின்றன என்ற அளவு; முழுதாகச் சேர்ந்தால் 1) 0.24. பீட்டா என்பது 0.24 × 5.2 ÷ 1.8, அதாவது 0.69. தாளில் ‘ஸ்லோப்’ (SLOPE) சூத்திரம் இதையே தரும். அதில் முதலில் பங்கு, பிறகு நிஃப்டி. மாற்றிக் கொடுத்தால் 0.08 வரும். ஆர் ஸ்கொயரை (பங்கின் ஆட்டத்தில் நிஃப்டியால் விளங்கும் பகுதி) வைத்து இந்தத் தவறைக் கண்டுபிடிக்க முடியாது. எப்படிக் கொடுத்தாலும் அது ஒன்றாகவே வரும்.

அடுத்தது பலரும் செய்யாமல் விடுவது: இந்த 0.69-ஐ எவ்வளவு நம்பலாம்? பங்கின் ஆட்டத்தில் நிஃப்டியால் விளங்காத பகுதியின் திட்ட விலக்கம் 5.05 சதவீதம். அதை நிஃப்டியின் 1.8-ஆலும், 103-ன் வர்க்கமூலமான 10.15-ஆலும் வகுத்தால் 0.28. இதுதான் பீட்டாவின் திட்டப் பிழை. இருபுறமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு விட்டால், உண்மையான பீட்டா 0.14-லிருந்து 1.24 வரை எங்கேயும் இருக்கலாம். இதைச் சந்தையைவிடச் சாதுவான பங்கு என்று சொல்ல இந்தத் தாளில் ஆதாரம் இல்லை. செயலி இரண்டு தசமம் வரை துல்லியமாகக் காட்டுவது வெறும் தோரணை.

ஒட்டுறவின் வர்க்கம் ஆர் ஸ்கொயர்: 0.058. இந்தப் பங்கின் ஏற்ற இறக்கத்தில் ஆறு சதவீதம்கூட நிஃப்டியால் வந்ததில்லை. மிச்சம் 94 சதவீதம் எங்கிருந்து வருகிறது? குளத்தில் நோய், தீவன விலை, டாலர், அமெரிக்கா. இந்திய உறைய வைத்த இறாலுக்கு அமெரிக்காதான் பெரிய சந்தை. 2025 ஆகஸ்ட் 7-ல் அங்கே 25 சதவீத வரி வந்தது, 27-ல் இன்னொரு 25 சேர்ந்து 50 ஆனது. அப்படிப்பட்ட அடி நிஃப்டியை அதே அளவு ஆட்டாது, ஆகவே பீட்டாவில் ஏறாது. பம்பாயில் உட்கார்ந்து ஐம்பது பங்கு வைத்திருப்பவருக்கு இந்த 94 சதவீதம் மற்ற பங்குகளோடு கரைந்துவிடும். தேவிபட்டினத்தில் குளம் வைத்துக்கொண்டு இந்த ஒரு பங்கை மட்டும் வாங்குகிறவருக்குக் கரையாது. ஏற்கெனவே குளத்தில் சுமக்கிற ஆபத்தையே டீமேட்டிலும் வாங்கி வைக்கிறார்.

எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதையும் அளக்கலாம். உங்கள் கொள்முதல் நோட்டிலிருந்து 30 கவுண்ட் (கிலோவுக்கு 30 எண்ணம்) வன்னாமி இறாலின் மாதக் கடைசி விலையை 25 மாதத்துக்கு எடுத்து, மாத மாற்றமாக்கி, பங்கின் மாத மாற்றத்தோடு ‘கோரல்’ (CORREL) சூத்திரம் போடுங்கள். 24 மாதத்துக்கு 0.4-க்குக் கீழே வந்தால் தற்செயலாக இருக்கலாம். 0.4-ஐத் தாண்டினால் உங்கள் வருமானமும் பங்கும் ஒரே கயிற்றில் கட்டிய படகுகள். கவுண்ட் மாறக் கூடாது. ஒரு மாதம் 30, மறுமாதம் 50 என்று கலந்தால் கணக்கு கெடும். கடல் இறால் விலையையும் எடுக்காதீர்கள், மீன்பிடித் தடைக்காலத்தில் வரத்து குறைந்து அது தனியாக ஏறும்.

இரண்டு பங்கு வாங்கினால் சமமாகிவிடும் என்பவர்களுக்குப் பாம்பனில் உதாரணம் இருக்கிறது. வாடைக்காற்றில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும்போது மன்னார் வளைகுடாப் பக்கம் பெரும்பாலும் அடங்கியிருக்கும். தென்மேற்குக் காற்றில் மறுதலை. ஒட்டுறவு குறைந்த இரண்டு கடல்கள். புயல் வந்தால் இரண்டு பக்கமும் போக முடியாது. பங்குகளும் அப்படியே: 2020 மார்ச் 23-ல் நிஃப்டி ஒரே நாளில் ஏறக்குறைய 13 சதவீதம் விழுந்தபோது எல்லாத் துறையும் சேர்ந்தே விழுந்தது. சாதாரண நாளின் ஒட்டுறவை அன்றைக்கு நம்ப முடியாது.

ரூபாயில் எவ்வளவு போகும்? 104 வார மாற்றங்களையும் மோசமானது மேலே வரும்படி அடுக்குங்கள். மாதிரியில் முதல் ஆறு: 19, 14, 10, 9, 8, 7.5 சதவீத இறக்கம். ஆறாவதை எடுத்தால், ஒரு லட்சம் போட்டவருக்கு 95 சதவீத வார ‘வார்’ (VaR, நூறில் 95 வாரம் நட்டம் தாண்டாத எல்லை) 7,500 ரூபாய். வருடத்தில் இரண்டு மூன்று வாரம் இதைத் தாண்டும் என்றுதான் பொருள்; இதற்கு மேல் போகாது என்றல்ல. தாண்டும்போது எவ்வளவு? முதல் ஐந்தின் சராசரி 12 சதவீதம், 12,000 ரூபாய். இரண்டில் ஒன்றைத்தான் குறித்து வைக்க முடியும் என்றால் இதைக் குறியுங்கள். மணி வடிவப் பரவலை நம்பினால் 5.2 திட்ட விலக்கத்துக்கு 19 சதவீத இறக்கம் ஏறக்குறைய 150 ஆண்டுக்கு ஒரு முறைதான் வர வேண்டும். இரண்டே வருடத் தாளில் வந்துவிட்டது.

ஷார்ப் விகிதம், அதாவது ஆபத்தில்லாத வட்டிக்கு மேல் வந்த வருமானத்தை ஆட்டத்தால் வகுத்தது, சீக்கிரம் முடியும் வேலை. வார விலக்கத்தை 52-ன் வர்க்கமூலத்தால், அதாவது 7.21-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 37.5 சதவீதம். வருமானம் 18, அரசின் கருவூல உண்டியல் (டி-பில்) வட்டி 6.5 என்று வைத்தால் 11.5 ÷ 37.5, ஏறக்குறைய 0.31. அதே கணக்கில் 12 சதவீதம் தந்து 13 ஆடிய நிஃப்டிக்கு 0.42. 18 என்ற எண்தான் பெரிதாகத் தெரியும்.

கடைசியாக, பணம் எப்போது வேண்டும் என்பதை வைத்து ஒரு கணக்கு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அது முடிந்து கடலில் இறங்கும்போது டீசல், ஐஸ், வலைக்கு ரொக்கம் வேண்டும். ஏறக்குறைய ஒன்பது வாரம். ஒன்பதின் வர்க்கமூலம் மூன்று. மணி வடிவப் பரவலில் 95 சதவீதத்துக்கான எண் 1.645. 5.2 × 3 × 1.645, ஏறக்குறைய 25.7 சதவீதம். ஒரு வாரச் சரிவு அடுத்த வாரத்தை இழுக்காது என்ற அனுமானத்தில் வந்த எண் இது. வரிச் செய்தி வந்த காலத்தில் அப்படி நடக்காது, நட்டம் இன்னும் கூடும். இருபது தடவையில் ஒரு தடவை ஜூன் 14 அன்று ஒரு லட்சம் 74,300-ஆகவோ அதற்கும் கீழாகவோ நிற்கும். மீதிக்கு டீசல் பங்க்கில் கடன் சொல்ல முடியுமா என்று பார்த்துவிட்டு எத்தனை பங்கு என்று முடிவு செய்யுங்கள்.