மூக்கில் ரத்தம் கசியும் சதையா? ரைனோஸ்போரிடியோசிஸைக் கண்டறிந்து அகற்றும் முறை

ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்து, சிந்தினால் ரத்தம் வருகிறதா? காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் இப்படி வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "குளிப்பது எங்கே?" கண்மாயிலோ, மாடு குளிப்பாட்டும் குளத்திலோ முங்கிக் குளிப்பவர் என்றால் மூக்கில் சதை வளரச் செய்யும் ரைனோஸ்போரிடியோசிஸ் நோயைச் சந்தேகிக்கலாம். உலக அளவில் அரிதான இந்த நோய் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கமும் இலங்கையிலும் அதிகம். 1900-ல் அர்ஜென்டினாவின் புவனஸ் ஐரிஸில் இதை முதலில் விவரித்தவர் ஸீபர். இதை உண்டாக்கும் கிருமியை வெகுகாலம் பூஞ்சை என்றே நினைத்திருந்தார்கள். அது பூஞ்சை அல்ல. பூஞ்சை மருந்தை மாதக்கணக்கில் விழுங்கியும் பலனில்லாமல் போவது அதனால்தான்.

மூக்குக்குள் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பில் பார்த்தால் அடையாளம் பளிச்சென்று தெரியும்: செக்கச்சிவந்த, கொத்துக்கொத்தான சதை, அதன்மேல் ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள், தொட்டால் ரத்தம். அலர்ஜியில் வளரும் சாதாரண மூக்குச் சதை (பாலிப்) சாம்பல் நிறத்தில், உரித்த திராட்சைபோல் வழுவழுவென்று, பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும். பதின்வயதுப் பையனுக்கு மூக்கின் பின்பக்கம் கட்டியும் ரத்தமும் என்றால் ஆஞ்சியோஃபைப்ரோமா என்ற ரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம். அதில் சோதனைக்குச் சதைத் துணுக்கு (பயாப்ஸி) எடுக்கக் கை வைத்தால் ரத்தம் கொட்டும், முதலில் ஸ்கேன் எடுங்கள். சதை மூக்கின் பின்னால் தொண்டை வரை இறங்கினால் காது அடைத்து மந்தமாகும். கண்ணீர்ப் பையில் வந்தால் கண்ணோரம் வீங்கி ரத்தக் கண்ணீர் வரும்.

உறுதி செய்வது பயாப்ஸிதான். மைக்ராஸ்கோப்பில் கசகசா அடைத்த பைபோல், வித்துகள் நிறைந்த ஸ்போராஞ்சியம் தெரியும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பாதீர்கள், இது ஆய்வகத்தில் வளராது. எங்கே வேர்விட்டிருக்கிறது என்று பார்க்க சி.டி. ஸ்கேன் உதவும்.

சிகிச்சை அறுவைதான். சதையை மட்டும் பறித்துவிட்டு நிறுத்துவது பெரிய தவறு. அடிப்பகுதியைச் சுற்றியுள்ள சளிச்சவ்வோடு எடுத்து, வேரை காட்டரி என்ற சூட்டுக் கருவியால் சுட வேண்டும். மயக்க மருந்துக் குழாயை வாய் வழியாகத்தான் போட வேண்டும், மூக்கு வழியாகப் போட்டால் சதை கிழியும். தொண்டையில் துணி அடைத்து, ரத்தத்தை உறிஞ்சும் சக்‌ஷனை விடாமல் ஓட்டுங்கள். சிதறும் வித்து பக்கத்துச் சவ்வில் ஒட்டினால் அங்கேயும் வளரும். ஏற்றுவதற்கு ரத்தம் தயாராக வைத்திருப்பதும் நல்லது.

மீண்டும் வராமலிருக்க டாப்சோன் என்ற மாத்திரை கொடுப்பதுண்டு, பெரியவர்களுக்கு வழக்கமாக நாளைக்கு 100 மி.கி. ஆறு மாதமோ அதற்கு மேலோ. ஆனால் முதலில் ரத்தத்தில் ஜி6பி.டி. என்ற நொதி போதிய அளவு இருக்கிறதா என்ற பரிசோதனை, குறைபாடு உள்ளவருக்கு இந்த மாத்திரை ரத்த அணுக்களைச் சிதைக்கும். நடுவில் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். உதடு நீலம் பாய்ந்தாலோ மூச்சு வாங்கினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள். கடையில் கேட்டு வாங்கிப் போடும் மருந்தல்ல இது.

வீட்டில் ரத்தம் கசிந்தால் முன்னால் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். அண்ணாந்து படுத்தால் ரத்தம் தொண்டைக்குள் போகும். சதையை விரலாலோ நூலாலோ பிடுங்கப் பார்க்காதீர்கள்.

ஆளிடமிருந்து ஆளுக்கு இது தொற்றாது. தட்டு, துண்டைத் தனியாக வைக்கத் தேவையில்லை. குடிநீர் ஊரணியில் யாரும் கால் நனைக்கக் கூடாதென்று முன்னோர் வைத்த கட்டுப்பாடு இங்கும் பொருந்தும்: மாடு இறங்கும் தண்ணீரில் முங்காதீர்கள். குளித்துத்தான் தீர வேண்டுமென்றால் மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள், மூக்குக்குள் தண்ணீர் ஏற விடாதீர்கள்.

ஆண்டுகள் கழித்தும் திரும்ப வரக்கூடிய நோய் என்பதால், மூக்கு சரியாகிவிட்டாலும் டாக்டர் சொல்லும் நாட்களில் எண்டோஸ்கோப்பி பார்த்துக்கொள்ளுங்கள். போகும்போது பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டையும், அதன் கண்ணாடி ஸ்லைடு கைவசம் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.