ஒபினியன் பக்கம் தினம் படிச்சும் வொக்காபுலரி ஏறலையா? தப்பு இங்கதான்

இங்கிலீஷ் பேப்பர்ல ஒபினியன் கட்டுரை படி, வார்த்தை தானா வரும்னு சொல்வாங்க. நானும் நம்பி ஒரு நோட்டு போட்டேன், இந்தப் பக்கம் வார்த்தை அந்தப் பக்கம் தமிழ் அர்த்தம், தினம் இருபது, மூணு மாசத்துல நோட்டு ரொம்பிடுச்சு, ஆனா ஒரு மெயில் எழுத உட்கார்ந்தா அதே பழைய வெரி குட்தான் வருது. யோசிச்சுப் பார்த்தா நான் கட்டுரையே படிக்கல, வார்த்தை பொறுக்கிட்டு இருந்திருக்கேன்.

ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம்னு எழுதி வெக்கிறதுதான் பெரிய தப்பு. சாங்ஷன்னா அனுமதினு என் நோட்டுல இருந்துச்சு, லோன் சாங்ஷன் ஆச்சுன்னு சொல்றோம்ல, அது. அப்புறம் ஒரு கட்டுரைல ஒரு நாட்டு மேல 'சாங்ஷன்ஸ்' போட்டாங்கன்னு வந்துச்சு, அனுமதியை எப்படிய்யா ஒருத்தர் மேல போடுவாங்கன்னு முழிச்சேன், அங்க அது தடை! 'ஓவர்சைட்'டும் அதே கதைதான், ஒரு இடத்துல கண்காணிப்பு, இன்னொரு இடத்துல கவனிக்காம விட்ட தப்பு. அதனால வார்த்தையை மட்டும் எழுதாதீங்க, அது வந்த முழு வரியையும் எழுதுங்க.

அடுத்தது, வாயில நுழையாத வார்த்தையா பார்த்து அண்டர்லைன் பண்றது. உண்மையில நம்மள கவுத்துவிடுறது சின்ன வார்த்தைங்கதான். 'லிப்' தெரியும், 'சர்வீஸ்' தெரியும், 'லிப் சர்வீஸ்'னு ரெண்டும் சேர்ந்து வந்தா? வாயளவுல மட்டும் ஆதரவு தர்றதுன்னு அர்த்தம். ரெண்டும் தெரிஞ்ச வார்த்தைங்கிறதால டிக்ஷனரி பக்கமே போக மாட்டோம். 'டு பி ஷ்யூர்' இன்னும் மோசம். பார்த்தா 'நிச்சயமா'ன்னு சொல்ற மாதிரி இருக்கும், ஆனா கட்டுரைல பெரும்பாலும் 'எதிர்த்தரப்பு சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ஒத்துக்கறேன்'னு இறங்கி வர்ற இடம் அது, பின்னாடியே ஒரு 'பட்' வரும் பாருங்க. அதைக் கோட்டை விட்டா, கட்டுரை எழுதினவர் மறுக்கப்போற கருத்தையே அவர் கருத்துன்னு நினைச்சுட்டு போயிடுவோம்.

ரொம்ப கஷ்டமான கட்டுரையோட மல்லுக்கட்டுறதும் வேண்டாம். பால் நேஷன்னு ஒரு மொழியியலாளர், டிக்ஷனரி இல்லாம புரிஞ்சு படிக்க 98 சதவீத வார்த்தை ஏற்கனவே தெரிஞ்சிருக்கணும்னு கணக்கு வெச்சு, பேப்பர் படிக்க 8,000லேர்ந்து 9,000 வார்த்தைக் குடும்பம் (ஒரு வார்த்தையும் அதுலேர்ந்து வர்ற மத்த வடிவங்களும் சேர்ந்தா ஒரு குடும்பம்) வேணும்னு 2006ல எழுதினார். அப்போ 700 வார்த்தை கட்டுரைல தெரியாதது 14தான் இருக்கலாம். நாப்பது அம்பது வந்தா கூச்சமே படாம வேற கட்டுரைக்குப் போங்க. முதல் தடவை நடுவுல நிக்காம படிச்சு முடிங்க, டிக்ஷனரியெல்லாம் ரெண்டாவது தடவைதான்.

இன்னொண்ணு, தினம் ஒரு டாபிக்னு தாவுறது. இன்னைக்கு பட்ஜெட், நாளைக்கு கிரிக்கெட், அப்புறம் போர்னு போனா எந்த வார்த்தையும் திரும்பக் கண்ணுல படாது, படலைன்னா மறந்துடும், அவ்ளோதான். நான் இப்போ பட்ஜெட்னா ஒரு வாரம் பட்ஜெட்டே படிக்கிறேன், நாலு பேர் நாலு விதமா எழுதியிருப்பாங்க, முதல் நாள் தேடிப் பார்த்த 'டெஃபிசிட்' (பற்றாக்குறை) நாலாவது நாள் வரும்போது கண்ணு அங்க நிக்கவே இல்ல.