ஆபரேஷன் தழும்பு மங்க: தையல் பிரித்த பிறகு என்ன செய்யலாம்

தழும்பு முழுசாக மறையாது, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் தட்டையாக, மெலிதாக, தோல் நிறத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகிற மாதிரி ஆக்க முடியும். தழும்பு முதிர்ந்து அடங்க ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம்கூட ஆகும், அதனால் இரண்டு மூன்று மாதத்தில் கருஞ்சிவப்பாகத் தடித்து அரிப்பெடுப்பதைப் பார்த்துப் பயந்துபோய் யார் யாரோ சொல்லும் க்ரீமையெல்லாம் வாங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள்.

முதலில் புண் நன்றாக மூடட்டும். பொருக்கு தானாக விழ வேண்டும், பிய்க்கக் கூடாது. அதுவரை மஞ்சள், வேப்பிலை, எண்ணெய் எதுவும் மேலே வேண்டாம். சீழ், காய்ச்சல், சுற்றிலும் சூடு இருந்தால் அன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போங்கள். அப்புறம் இந்தப் பத்தியம்! சீழ் பிடிக்கும் என்று வீட்டில் முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். புண் ஆறுவதற்குப் புரதம்தான் வேண்டும், தயவுசெய்து நன்றாகச் சாப்பிடக் கொடுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், சிகரெட் கூடவே கூடாது.

புண் மூடியதும் சிலிக்கோன். காசு செலவழிப்பதென்றால் இதற்குச் செலவழியுங்கள். ஷீட்டாகவும் ஜெல்லாகவும் மருந்துக்கடையில் கிடைக்கும். ஷீட் என்றால் ஒரு நாளைக்கு 12 மணி நேரமாவது ஒட்டியிருக்க வேண்டும், குறைந்தது இரண்டு மூன்று மாதம். சென்னை வெயிலில், அதுவும் சித்திரை வைகாசியில், வியர்வையில் ஷீட் கழன்று வந்துவிடும், அடியில் வேர்க்குருவும் வரும். அதனால் பகலில் ஜெல்லை மெல்லிசாகத் தடவிக் காயவிடுங்கள், ராத்திரி ஃபேனுக்கு அடியில் படுக்கும்போது ஷீட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். ஷீட்டைத் தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும்.

வெயில் பட்டால் புதுத் தழும்பு கருத்துவிடும், நம் தோலுக்கு அது சீக்கிரமே நடக்கும். துணியால் மூடுவதுதான் சுலபம். தைராய்டு ஆபரேஷன் ஆனவர்கள் ஸ்கூட்டரில் போகும்போது துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொள்ளுங்கள். மூட முடியாத இடத்துக்கு எஸ்பிஎஃப் 30க்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. வயிற்றில் தழும்பு இருந்தால் பாவாடை நாடாவோ பெல்ட்டோ அதன் மேல் உரசாமல் கொஞ்சம் மேலேயோ கீழேயோ கட்டுங்கள்.

தையல் பிரித்து இரண்டு மூன்று வாரம் கழித்து, டாக்டர் சரி என்றால், மசாஜ் ஆரம்பிக்கலாம். தழும்பு லேசாக வெளிறும் அளவுக்கு விரலால் அழுத்தி, வட்டமாகவும் மேலும் கீழுமாகவும், ஐந்து பத்து நிமிடம், காலையும் மாலையும். தேங்காய் எண்ணெயை இப்போது தாராளமாகத் தொட்டுக்கொள்ளலாம். வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவுவதால் பலன் இருப்பதாக நிரூபணம் இல்லை, சிலருக்கு அலர்ஜிதான் வருகிறது. எலுமிச்சை வேண்டவே வேண்டாம்.

தழும்பு வெட்டிய கோட்டைத் தாண்டி வளர்ந்தால் அது கீலாய்டு. நடு நெஞ்சு, தோள், காது மடலில் அதிகம் வரும், பைபாஸ் ஆனவர்கள் கவனித்துக்கொண்டே இருங்கள். வெறுமனே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வரும், முன்னைவிடப் பெரிதாகக்கூட. அதனால் சிறிதாக இருக்கும்போதே தோல் டாக்டரிடம் போனால், தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசியைச் சில வார இடைவெளியில் போட்டு அமுக்கிவிடுவார்கள். தனியாரில் செலவு கட்டுப்படியாகாது என்றால் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிகளில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. காலையிலேயே ஓபிக்குப் போய்விடுங்கள், டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் எடுத்துக்கொண்டு.